சிங்கப்பூரில் சொத்துப் பங்கீடு: உயிலில் தொடங்கி தகராறு வரை, முதன்முறை பார்ப்பவர்களுக்கு

"எல்லாம் உயிலில் எழுதியிருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம். சிங்கப்பூரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பெரிய சொத்துகள் இரண்டுதான்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, மத்திய சேம நிதி (சிபிஎஃப்) சேமிப்பு. பல குடும்பங்களில் இந்த இரண்டுமே உயிலுக்குக் கட்டுப்படாதவை. வீடு கணவன் மனைவியின் கூட்டுரிமையில் இருந்தால், ஒருவர் இறந்ததும் மற்றவருக்குப் போய்விடும். சேம நிதிப் பணம், இறந்தவர் உயிரோடு இருந்தபோது, பணம் யாருக்கு என்று குறித்துச் செய்த நியமனத்தின்படி போகும். உயிலில் வேறு எதை எழுதியிருந்தாலும் இந்த இரண்டையும் அது மாற்றாது.

அப்பாவோ அம்மாவோ காலமான பிறகு, குடும்பத்தில் "நீதான் படித்தவன், நீயே பார்த்துக்கொள்" என்று பொறுப்பு தலையில் விழுந்த மகனுக்கும் மகளுக்குமாக இதை எழுதுகிறேன். சட்டம் படிப்பதற்கு முன்னால் இரண்டு பழக்கங்கள் போதும். சொத்தை ஒரே குவியலாகப் பார்க்காமல், ஒவ்வொன்றும் எந்த வழியாகப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். முதல் நாளிலிருந்து கணக்கை எல்லோருக்கும் காட்டுங்கள். நான் பார்த்த அண்ணன் தம்பிச் சண்டைகளில் பெரும்பாலானவை பங்கு குறைந்ததால் வந்தவை அல்ல, கணக்கு தெரியாததால் வந்தவை. குறிப்பிட்ட வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டியவை கீழே.

முதல் சில நாள்கள்

2022 மே 29 முதல் இறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் கிடைக்கிறது. மருத்துவர் மரணத்தை உறுதிப்படுத்தியதும் பதிவு தானாக நடந்துவிடும். சான்றிதழை அரசாங்கத்தின் 'மை லெகசி' இணையத்தளத்திலிருந்து 30 நாள்களுக்குள் பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். துக்கத்தில் இது மறந்துபோகும். சடங்குகளுக்கு ஓடாத ஒரு மருமகனிடமோ மருமகளிடமோ இந்த வேலையை ஒப்படையுங்கள். கோப்பை இரண்டு மூன்று இடங்களில் சேமித்துவையுங்கள்.

அடுத்தது, பலரும் தெரியாமல் செய்யும் காரியம். அப்பாவின் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மண்டாயில் தகனம் முடிந்த மறுநாள் "செலவுக்குத்தானே" என்று இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி எடுக்கிறார்கள். செய்யாதீர்கள். அவர் கண்மூடிய நொடியில் அந்தப் பணம் அவருடைய சொத்துத் தொகுதிக்கு, அதாவது அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்துக்கு, போய்விட்டது. அதிகாரம் இல்லாமல் எடுத்தவர் பின்னால் ஒவ்வொரு வெள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு தகராறு வந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அந்த வங்கி அறிக்கையாகத்தான் இருக்கும். ஈமச்சடங்குச் செலவை யாராவது ஒருவர் தம் பணத்தில் செய்துவிட்டு, ரசீதுகளை ஓர் உறையில் போட்டுவைக்கட்டும். நியாயமான ஈமச்செலவைச் சொத்திலிருந்து திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. மற்ற கடன்களுக்கு முன்பாகவே அதைக் கொடுக்க வேண்டும்.

நீடித்த அதிகாரப் பத்திரம் (மனத்திறன் இழந்தால் தமக்காகச் செயல்பட ஒருவரை நியமிக்கும் பத்திரம்) கையில் இருக்கிறது என்று சிலர் வங்கிக்குப் போவதுண்டு. அந்தப் பத்திரம், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். மரணத்தோடு அதுவும் முடிந்துவிடுகிறது.

உயிலைத் தேடுவது

அலமாரி, வங்கிப் பெட்டகம், சாமி அறையில் பத்திரங்கள் வைத்திருக்கும் தகரப்பெட்டி, அவர் வழக்கமாகப் போகும் வழக்கறிஞர் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். உயில் பதிவகத்திலும் தேடச்சொல்லி விண்ணப்பிக்கலாம். அங்கே உயில் இருக்காது. உயில் எழுதப்பட்ட விவரமும் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் மட்டுமே பதிவாகியிருக்கும். பதிவு கட்டாயமும் அல்ல. ஆகவே பதிவகத்தில் இல்லை என்பதால் உயிலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

அசல் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகல் எடுப்பதற்காக ஸ்டேப்லர் பின்னைக் கழற்றாதீர்கள். வேறு காகிதங்களை அதோடு கிளிப் போட்டு வைக்காதீர்கள், ஓரத்தில் எதையும் எழுதாதீர்கள். பின் கழன்ற துளை ஒன்று இருந்தாலே, நடுவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதா, இன்னொரு தாள் இருந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். அதற்குத் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் எழுத வேண்டிவரும். அசல் காணாமல் போய், கடைசியாக அது இறந்தவர் கையில்தான் இருந்தது என்றால், அவரே கிழித்துப்போட்டிருப்பார் என்றுதான் சட்டம் முதலில் ஊகிக்கும். நகலை வைத்து நிரூபிக்க முடியும். ஆனால் ஊகத்தை உடைக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

உயில் செல்லுமா என்று மேலோட்டமாக நீங்களே பார்க்கலாம். எழுதியவர் 21 வயது நிறைந்தவராக இருந்திருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்துத் தாமும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தக் கொடை மட்டும் செல்லாது, உயில் செல்லும். "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று சின்ன மருமகளைச் சாட்சி போடச்சொன்ன அப்பாக்கள் இதில் அகப்படுகிறார்கள். அவர் சின்ன மகனுக்கு எழுதிவைத்ததெல்லாம் அந்த ஒரு கையெழுத்தால் போய்விடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: உயில் எழுதிய பிறகு அவர் திருமணம் செய்துகொண்டிருந்தால், அந்தத் திருமணத்தை முன்னிட்டு எழுதப்பட்ட உயிலாக இருந்தாலொழிய, பழைய உயில் ரத்தாகிவிடும். மணவிலக்கு அப்படி ரத்துசெய்யாது. பத்து வருடத்துக்கு முன்பு பிரிந்துபோன மனைவியின் பெயர் உயிலில் அப்படியே இருந்தால், அவர் பங்கு அப்படியே நிற்கும். சேம நிதி நியமனத்துக்கும் இதே கதைதான்: திருமணம் அதை ரத்தாக்கும், மணவிலக்கு ரத்தாக்காது.

உயில் தமிழில் எழுதப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மொழி தடையல்ல. நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை, அவ்வளவுதான்.

பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, அவருக்கு இருந்த ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் அது யாருடைய பெயரில், எந்த விதத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். இந்த வேலையை நன்றாகச் செய்துவிட்டால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

வீட்டில் தொடங்குவோம். வீவக வீட்டில் இரண்டு வகை உரிமை உண்டு. கூட்டுரிமை என்றால், ஒருவர் இறந்ததும் எஞ்சியிருப்பவருக்கு முழுவதும் போகும். அவர் சிங்கப்பூர் நில ஆணையத்தில் இறப்பு அறிவிப்பைத் தாக்கல் செய்தால் போதும். பங்குரிமை என்றால், இறந்தவரின் பாகம் மட்டும் அவருடைய சொத்துத் தொகுதிக்குள் வரும், உயிலின்படியோ சட்டப்படியோ பிரியும். எது என்று ஊகிக்காதீர்கள். நில ஆணையத்தின் உரிமைப் பதிவைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், சேம நிதிக் கழகத்தின் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் இருந்தாரா என்றும் பாருங்கள். அந்தக் காப்புறுதி கடனை அடைத்துவிடக்கூடும்.

வீடு சொத்துத் தொகுதிக்குள் வந்தாலும், வாரிசாக இருப்பது மட்டும் அந்த வீட்டை வைத்துக்கொள்ளப் போதாது. வீவக நிபந்தனைகள் தனி. வாரிசுக்கு ஏற்கெனவே சொந்தமாக வீவக வீடு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாதவருக்கும் வைத்துக்கொள்ள வழியில்லை. அப்போது விற்றுப் பணத்தைத்தான் பிரிக்க வேண்டும். இதை வீவக கிளை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, பிறகு அண்ணன் தம்பிகள் பேசினால் வீண் வாக்குவாதம் குறையும்.

குடியிருப்போர் பட்டியலில் பெயர் இருப்பதை உரிமை என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். "இருபது வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறேன், என் பெயரும் இருக்கிறது" என்று கடைசி மகன் சொல்வார். உண்மைதான், ஆனால் அவர் குடியிருப்பவர், உரிமையாளர் அல்ல. மனத்துக்கு அது நியாயமாகப் படாமல் இருக்கலாம். அவரை உடனே வெளியே போகச் சொல்வதும் நியாயமல்ல. ஆனால் பங்கு கணக்கிடும்போது அந்தப் பெயர்ப்பதிவுக்கு மதிப்பில்லை.

சேம நிதி சுருக்கமானது. நியமனம் இருந்தால் அதில் எழுதியபடி. இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், அவர்கள் கட்டணம் எடுத்துக்கொண்டு, உயில் இல்லாதவருக்கான சட்டப்படி (முஸ்லிமாக இருந்தால் வாரிசுரிமைச் சான்றிதழின்படி) பிரித்துக் கொடுப்பார்கள். "அத்தனையும் என் கடைசி மகளுக்கே" என்று உயில் எழுதிவிட்டு, சேம நிதிக்கு நியமனம் செய்ய மறந்துவிட்ட தந்தையின் சேமிப்பு, அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்குமாகப் பிரியும்.

காப்புறுதியில் நியமனம் செய்யப்பட்டிருந்தால் பணம் நியமிக்கப்பட்டவருக்கு. இல்லாவிட்டாலும், 150,000 வெள்ளி வரை உரிய உறவினருக்கு நீதிமன்ற ஆணை கேட்காமலே கொடுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சட்டம் அனுமதி தருகிறது. ஆகவே முதலில் கேட்டுப் பாருங்கள்.

தனிப்பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு, பங்குகள், கார், நகை ஆகியவைதான் பெரும்பாலும் உண்மையில் "உயிலுக்கு உட்பட்ட" சொத்து. கூட்டு வங்கிக் கணக்கு சிக்கலானது, அதைத் தகராறு பகுதியில் பார்ப்போம்.

உயில் இல்லாவிட்டால்

முஸ்லிம் அல்லாதவருக்கு 1967-ஆம் ஆண்டின் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டம்தான் பங்கு போடுகிறது. துணையும் பிள்ளைகளும் இருந்தால் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி, சமமாக. துணை இல்லை, பிள்ளைகள் உண்டு என்றால் பிள்ளைகளுக்கு முழுவதும். பிள்ளைகள் இல்லாமல் துணையும் பெற்றோரும் இருந்தால் துணைக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. துணையும் பிள்ளைகளும் இல்லாவிட்டால் பெற்றோர், அவர்களும் இல்லாவிட்டால் உடன்பிறந்தோர், பிறகு தாத்தா பாட்டி, அதன் பிறகு மாமா, சித்தப்பா, அத்தை என்று வரிசை நீளும்.

இதில் நம் வீடுகளில் அடிக்கடி மோதும் இடங்கள் இவை. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, கல்யாணத்தில் சீர் செய்தாயிற்று என்ற வாதத்துக்கு இடமில்லை. "பூர்வீகச் சொத்து" என்று சொல்லி ஈசூனில் இருக்கும் வீட்டில் பிறப்புரிமை கோர முடியாது, அது இங்கே எடுபடாது. மருமகளுக்கு நேரடிப் பங்கில்லை. ஆனால் மகன் முன்பே இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் அவர் பங்கைப் பெறுவார்கள். முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்குப் பங்கு உண்டு. வளர்த்த பிள்ளைக்கும், மறுமணத்தில் கூடவந்த பிள்ளைக்கும் கிடையாது. அத்தகைய பிள்ளையை மனதில் வைத்திருப்பவர் உயில் எழுதித்தான் ஆக வேண்டும்.

முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் முதலில் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு என்று ஃபராயிழ் (இஸ்லாமிய வாரிசுரிமை) முறைப்படி அதில் இருக்கும். வசியத் (முஸ்லிம் உயில்) எழுதியிருந்தால் அது மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் செல்லும். சான்றிதழோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். வங்கிக் கணக்கைத் திறக்க, அதை வைத்துக்கொண்டு குடும்ப நீதிமன்றத்தில் தனியாக ஆணை பெற வேண்டும்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது

உயில் இருந்து, அதில் நிறைவேற்றுபவர் என்று யாரையாவது பெயர் குறிப்பிட்டிருந்தால், அவர் புரோபேட் ஆணைக்கு, அதாவது உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அதிகாரத்துக்கு, விண்ணப்பிக்கிறார். உயில் இல்லாவிட்டால், சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் நிர்வாகியாக நியமிக்கக் கோரி நிர்வாக ஆணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னுரிமை துணைக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, பிறகு பெற்றோருக்கு. முன்னுரிமை உள்ளவர் ஒதுங்கிக்கொண்டால் எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். உயில் இருந்தும் நிறைவேற்றுபவர் இறந்துவிட்டால், அந்த உயிலை இணைத்தே நிர்வாக ஆணை பெறலாம். எந்த ஆணையும் நான்கு பேருக்கு மேல் தரப்படுவதில்லை. 21 வயது நிரம்பாத வாரிசு இருந்தால், நிர்வாகிகள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

சொத்தின் மதிப்பு 50 லட்சம் வெள்ளிவரை என்றால் குடும்ப நீதிமன்றம், அதற்கு மேல் என்றால் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு. இறந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிப்பது நல்லது. தாமதமானால் காரணம் சொல்ல வேண்டும். தகராறில்லாத விண்ணப்பத்தை நீதிமன்றம் காகிதங்களை வைத்தே பார்க்கிறது, கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதெல்லாம் இல்லை. தேவைப்படுபவை இறப்புச் சான்றிதழ், உயிலின் அசல், வாரிசுகளின் உறவைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், சொத்துப் பட்டியல், பிரமாணப் பத்திரம். எளிமையான உயில் விண்ணப்பங்களுக்கு வழக்கறிஞர் இல்லாமலே மின்சேவை வழியாக விண்ணப்பிக்க ஏற்பாடு இருக்கிறது. பட்டியல் நேராக இருந்து, வாரிசுகள் ஒத்துப்போனால் அதை முயன்று பார்க்கலாம். சொத்து வெளிநாட்டிலும் இருக்கிறது, வாரிசுகளில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் வழக்கறிஞருக்குச் செலவழிப்பது வீணல்ல.

மொத்தச் சொத்தும் 50,000 வெள்ளிக்குள், யாருக்கும் மனக்கசப்பு இல்லை, உயிலும் இல்லை என்றால், நீதிமன்றம் போகாமலே பொது அறங்காவலர் அலுவலகம் நிர்வகித்துத் தர ஒப்புக்கொள்ளக்கூடும். சேம நிதிப் பணம் இந்த வரம்பில் சேராது.

நீதிமன்றம் ஒப்புதல் தந்ததும் ஆணைப் பத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வங்கி, வீவக, பங்குக் கணக்கு என்று எல்லோரும் பார்க்கக் கேட்பது இந்தப் பத்திரத்தைத்தான்.

ஆணை கையில் வந்த பிறகு

பணம் வந்ததும் பிரித்துக் கொடுத்துவிடத் துடிக்காதீர்கள். முதலில் கடன். மருத்துவமனை பாக்கி, கிரெடிட் கார்டு, நகர மன்றக் கட்டணம், உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அவர் கட்ட வேண்டிய வரி. கடனை அடைக்காமல் பிரித்துவிட்டால் நிர்வாகி தம் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டிவரலாம். தெரியாத கடன்காரர்கள் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுத்து குறைந்தது இரண்டு மாதம் காத்திருங்கள். அப்படிச் செய்தவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இறந்தவர் வியாபாரம் செய்தவராக இருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. மரபுரிமை வரி 2008 பிப்ரவரி 15 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு இல்லை. ஆனால் நிர்வாகக் காலத்தில் வரும் வாடகை போன்ற வருமானத்துக்கு வரி உண்டு.

இறப்புத் தேதியிலிருந்து ஓர் ஆண்டு முடியும்முன் பிரித்தே ஆக வேண்டும் என்று நிர்வாகியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதைச் சாக்காக வைத்து நாலைந்து வருடம் மௌனமாக இருப்பவர்களும் உண்டு. தனி வங்கிக் கணக்கு ஒன்றைச் சொத்துத் தொகுதியின் பெயரில் திறந்து, வரவும் செலவும் அதன் வழியாக மட்டும் போகட்டும். மாதம் ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் போடுங்கள். நீங்கள் நேர்மையானவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஜூரோங்கில் இருக்கும் அக்காவின் கணவருக்குத் தெரியாது.

நகைக்குத் தனிக் கவனம் வேண்டும். அம்மாவின் சங்கிலி, வளையல், தாலிக்கொடி எல்லாம் எடையும் படமும் பதிவாகாமல் கைமாறுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பெட்டகத்தைத் திறக்கும்போது வாரிசுகளில் குறைந்தது இருவர் உடனிருந்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்து, எடைபோட்டு, எல்லோரும் கையெழுத்திட்ட பட்டியலாக வையுங்கள். "அது அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்பவரிடம் சண்டை போடாமல், பட்டியலில் அந்தப் பொருளுக்கு நேரே அவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த ஒரு வரி காப்பாற்றும்.

தகராறு வந்துவிட்டால்

முதல் ஆயுதம் கடிதம். நீங்கள் வாரிசு, நிர்வாகி பேசவில்லை என்றால், உயிலின் நகலும் சொத்துப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். கணக்குக் கேட்பது வாரிசின் உரிமை. கொடுக்க மறுத்தால் நீதிமன்றம் உத்தரவிட முடியும். சொத்தைக் கையாடினால் நிர்வாகியை நீக்கக் கோரவும் வழி உண்டு.

உயிலே சந்தேகமாக இருக்கிறது, இன்னும் ஆணை பிறக்கவில்லை என்றால், நீதிமன்றத்தில் கேவியட் (தடை அறிவிப்பு) தாக்கல் செய்யலாம். அதன் பிறகு உங்களுக்குத் தெரியாமல் ஆணை வழங்கப்படாது. இது ஒரு முட்டுக்கட்டை, அவ்வளவுதான். எதிர்த்தரப்பு அறிவிப்புக் கொடுத்தால் உங்கள் ஆட்சேபனை என்ன என்று முறைப்படி சொல்ல வேண்டும், பிறகு வழக்காக மாறும். கோபத்தில் போட்டுவிட்டு ஆதாரம் இல்லாமல் நிற்பவர் வழக்குச் செலவையும் சுமக்க நேரிடும். ஆணை ஏற்கெனவே பிறந்துவிட்டால், அதை ரத்துசெய்யக் கோரித்தான் போக வேண்டும்.

உயிலை எதிர்ப்பதற்கு "அநியாயமாக இருக்கிறது" என்பது காரணமே அல்ல. எழுதியவருக்கு மனத்தெளிவு இல்லை, எழுதியது என்னவென்று அவருக்குத் தெரியாது, யாரோ நிர்ப்பந்தித்தார், கையெழுத்து போலி, சாட்சிகள் முறையாக இல்லை என்பவைதான் காரணங்கள். மனத்தெளிவைப் பார்க்க இங்கே இன்றும் கையாளப்படுவது 1870-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பின் அளவுகோல்: தாம் செய்வது உயில் என்று புரிகிறதா, தமக்கு என்ன சொத்து இருக்கிறது என்று தெரிகிறதா, யாருக்கெல்லாம் தம்மிடம் எதிர்பார்ப்பு இருக்கும் என்று உணர்கிறாரா, மனப்பிரமை எதுவும் முடிவைப் பாதிக்கவில்லையா. ஞாபகமறதி நோய் இருந்தது என்ற ஒன்றே போதாது. அந்த நாளில், அந்த நேரத்தில் எப்படி இருந்தார் என்பதுதான் கேள்வி. மருத்துவக் குறிப்புகளும் உயிலை எழுதிய வழக்கறிஞரின் குறிப்புகளும் இங்கே பேசும். அதே போல, பக்கத்திலேயே இருந்து கவனித்த மகளுக்கு அதிகம் எழுதியது நிர்ப்பந்தம் ஆகிவிடாது. உண்மையான வற்புறுத்தலை நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டுபவர். ஆனால் ஆதாயம் பெறுபவரே உயிலைத் தயாரித்து, வழக்கறிஞரை ஏற்பாடு செய்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்றால், நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர் பக்கம் சாயும்.

கூட்டு வங்கிக் கணக்குதான் நான் பார்த்தவரை கசப்பை அதிகம் வளர்ப்பது. வயதான அம்மா, பில் கட்ட வசதியாக ஒரு மகனின் பெயரைக் கணக்கில் சேர்க்கிறார். அவர் இறந்ததும் வங்கி பணத்தை எஞ்சியவரிடம் கொடுத்துவிடுகிறது. மகன் "எனக்கே" என்கிறார். மற்றவர்கள் "வசதிக்காகச் சேர்த்ததுதானே" என்கிறார்கள். வங்கி விதி வங்கியை மட்டும் காப்பாற்றுகிறது. உண்மையில் அந்தப் பணம் யாருக்கு என்பது, அம்மாவின் எண்ணம் என்ன என்பதைப் பொறுத்தது. பணம் போட்டது யார், எடுத்தது யார், வங்கியில் என்ன படிவம் நிரப்பப்பட்டது, அம்மா யாரிடம் என்ன சொன்னார் என்று நீதிமன்றம் தோண்டும். வீட்டுரிமையிலும் இதே தேடல் உண்டு. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், தந்தையும் அவருடைய இரண்டாம் மனைவியும் கூட்டுரிமையில் வைத்திருந்த சொத்தில் முதல் மணத்து மகன்கள் பங்கு கேட்டார்கள். கணவர் மனைவிக்குக் கொடுக்கவே எண்ணியிருப்பார் என்ற ஊகம் நின்றது, சொத்து மனைவிக்கே போனது. ஆகவே பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, கணக்கில் பெயர் சேர்த்த நோக்கத்தை ஒரு வரி எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கேட்கத் தயக்கமாக இருக்கும். பிறகு வரும் கடிதங்களை நினைத்துப் பார்த்தால் தயக்கம் சின்னது.

உயிலில் சரியாகக் கவனிக்கப்படாதவருக்கு 1966-ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்பு தொடர்பான வாரிசுச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. துணை, 21 வயதுக்குட்பட்ட மகன், திருமணமாகாத மகள், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோர் நியாயமான பராமரிப்புக் கேட்கலாம். ஆணை பிறந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலத்தோடு வேலை பார்க்கும் மகனுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டால்? விடலாம், சட்டம் தடுக்காது. முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

வழக்குக்கு முன்பு சமரசப் பேச்சை முயன்று பாருங்கள். குடும்ப நீதிமன்றங்களே அதற்கு ஏற்பாடு செய்கின்றன, சிங்கப்பூர் சமரச நிலையமும் இருக்கிறது. பெரியவர் ஒருவரைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசுவது நம் பழக்கம். அதில் தவறில்லை, ஆனால் முடிவை எழுத்தில், வழக்கறிஞர் வழியாக, பங்குகள் தெளிவாக எழுதுங்கள். சட்டம் அல்லது உயில் தரும் பங்கை மாற்றி, ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பது போன்ற ஏற்பாட்டில் முத்திரை வரி வரக்கூடும். கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இலவச ஆலோசனைக்குப் 'புரோ போனோ எஸ்ஜி' நடத்தும் சட்ட ஆலோசனைக் கூடங்கள் உள்ளன.

ஊரில் நிலம் இருந்தால்

தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ அப்பாவுக்கு ஒரு வயலும் வீடும் இருந்தால், சிங்கப்பூர் ஆணை அதைத் தொடாது. அசையாச் சொத்துக்கு, அது இருக்கும் நாட்டுச் சட்டம்தான். தமிழ்நாட்டு நிலத்துக்கு, இந்துவாக இருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பேசும். அங்கே பூர்வீகச் சொத்து என்ற சொல்லுக்கு மறுபடி உயிர் வரும். 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் அதில் மகன்களுக்கு ஈடான உரிமை உண்டு. இங்கே பெற்ற ஆணையைக் காட்டிப் பட்டா மாற்ற முடியாது. அங்குள்ள தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் காட்டி இங்கே வங்கிக் கணக்கைத் திறக்கவும் முடியாது. இரண்டு நாட்டிலும் தனித்தனியாக வேலை நடக்க வேண்டும்.

மலேசியாவில் சொத்து இருந்தால் கொஞ்சம் சுலபம். சிங்கப்பூரில் பெற்ற ஆணையை அங்குள்ள நீதிமன்றத்தில் மறுமுத்திரையிட்டு (அங்கும் செல்லும்படி ஏற்கச் செய்து) பயன்படுத்தலாம். காமன்வெல்த் நாட்டு ஆணையை இங்கே மறுமுத்திரையிடவும் அதே போல வழி உண்டு.

இந்தியாவில் உங்களுக்குப் பதிலாக ஓர் உறவினர் செயல்பட வேண்டுமானால், அதிகாரப் பத்திரம் எழுதி இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் (சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா) அப்போஸ்டில் முத்திரை (பத்திரம் வெளிநாட்டிலும் ஏற்கப்பட உதவும் சான்று) பெற்று அனுப்புங்கள். 2021 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. பத்திரத்தில் சர்வே எண்ணும் கிராமமும் வட்டமும் சரியாக இருக்கட்டும். "எல்லாச் சொத்தையும் விற்க" என்று பொதுவாக எழுதாமல், பட்டா மாற்ற மட்டும், வாடகை வசூலிக்க மட்டும் என்று வேலையைக் குறித்து அதிகாரம் கொடுங்கள்.